பயிற்சியில் கழிந்த காலமும் பணியனுபவமும்

வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில் கல்வித் தகுதிக்கு ஒரு கட்டமும் பணியனுபவத்துக்கு இன்னொரு கட்டமும் ஒதுக்கப்படுவது வழக்கம். இன்டர்ன்ஷிப் என்று கல்லூரி வளாகங்களில் வழங்கும் பயிற்சிப் பணி இவ்விரண்டில் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. பட்டம் பெறுவதற்கு முன்னரோ பெற்ற உடனேயோ ஒரு நிறுவனத்தில் சில வாரங்களோ மாதங்களோ இருந்து, அங்குள்ளவர்களின் மேற்பார்வையில் வேலை பழகும் ஏற்பாட்டையே இச்சொல் குறிக்கிறது. அவ்வாறு பழகிய காலத்தை அனுபவம் என்று எழுதலாமா என்னும் ஐயம் ஒவ்வோர் ஆண்டும் படிப்பை முடித்து வெளியேறும் இளைஞர்களை வாட்டுகிறது. எழுதினால் பொய் சொன்னதாகிவிடுமோ என்ற அச்சமும், எழுதாமல் விட்டால் உழைத்த காலம் வீணாகிவிடுமோ என்ற ஏக்கமும் அதில் கலந்திருக்கின்றன. அந்த ஐயத்தைச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், தொழில்சார் அமைப்புகளின் விதிகள், தனியார் நிறுவனங்களின் நடைமுறை ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய இவ்வுரை முற்படுகிறது.

தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒருவர் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்தாரா என்பது முதற்கேள்வி. ஊழியர் என்னும் நிலை ஊதியம், வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு ஆகிய உரிமைகளைத் தரும் சட்ட உறவாகும். அவர் அந்த வேலையைக் கற்றுச் செய்து பழகினாரா என்பது இரண்டாம் கேள்வி. இது அவருடைய திறமை பற்றியது. முதற்கேள்விக்கு இல்லை என்று விடை வந்தாலும் இரண்டாவதற்கு ஆம் என்று விடை வரக்கூடும். படிவம் வகுப்போர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டுவிடுவதால், ஊழியராக இல்லாதவர் எதையும் கற்றிருக்க முடியாது என்பதைப் போன்ற ஒரு முடிவு, எவரும் வெளிப்படையாகச் சொல்லாமலே, நடைமுறையாகிவிடுகிறது.

இந்தியச் சட்டம் முதற்கேள்வியை எதிர்கொண்ட விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. அப்ரண்டிஸ் எனப்படும் தொழிற்பழகுநர்களுக்காக 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறும் தொழிற்பழகுநர் பயிற்சியாளரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் அறுதியிட்டுக் கூறுகிறது. ஆயினும் அவருடைய உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய விதிகளும், பயிற்சியின்போது காயமுற்றால் இழப்பீடு பெறும் உரிமையும் அதே சட்டத்தில் காக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் ஐ.டி.ஐ. படித்தோர் போன்ற தொழிற்பிரிவினரை முன்வைத்து அமைந்த இச்சட்டம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் தழுவிக்கொண்டது. தென்மாநிலங்களில் இவர்களுடைய பயிற்சியைச் சென்னைத் தரமணியில் இயங்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனித்துக்கொள்கிறது.

மற்றச் சட்டங்கள் இதே குரலில் பேசவில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளர் என்பதற்குத் தந்த வரையறையில் தொழிற்பழகுநரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ அவரைப் பெயர் சொல்லி விலக்கியது. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் இடைவழியில் சென்று, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியோ நிறுவனத்தின் நிலையாணைகளின்படியோ அமர்த்தப்பட்ட பழகுநர்களை மட்டும் விலக்கி, ஏனையோரை ஊழியர் வரிசையில் நிறுத்தியது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் வரும் பழகுநரைத் தொழிலாளர் என்னும் வரையறைக்கு வெளியே வைத்தது. அரசு ஈட்டுறுதிக் கழகத்துக்கும் டாட்டா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 1975ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பழகுநரை நிறுவனம் ஏற்பதன் முதன்மை நோக்கம் கற்பித்தலே என்பதைக் கருத்தில் கொண்டு, அவர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் பொருளில் ஊழியர் ஆகார் என்றது. ஒரே மனிதர் ஒரே இயந்திரத்தின் முன் ஒரே நாளில் ஒரு சட்டத்துக்குத் தொழிலாளராகவும் இன்னொரு சட்டத்துக்குப் பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறார் என்றால், ஒவ்வொரு சட்டமும் தன் நோக்கத்துக்கேற்பக் கோடு கிழித்தது என்பதே அதற்குக் காரணம். ஆகவே பணிக்கொடை கணக்கிடும்போது விலக்கப்பட்ட காலத்தை, திறமையை அளக்கும்போதும் விலக்கியே தீரவேண்டும் என்னும் வாதம் சட்டத்திலிருந்து தானாகப் பிறப்பதன்று.

இன்டர்ன்ஷிப் என்ற ஒரே பெயரின்கீழ் வேறுவேறு இயல்புடைய பயிற்சிகள் திரண்டிருப்பதையும் இங்கே கருத வேண்டும். பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக மாணவர் மதிப்பெண்ணுக்காகச் செய்வது ஒரு வகை. பட்டம் பெற்றபின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுதி ஓராண்டு பயில்வது இன்னொரு வகை. மருத்துவம், கணக்கியல் போன்ற துறைகளில் அதை முடிக்காமல் தொழிலுக்குள் நுழையவே இயலாத கட்டாயப் பயிற்சி மூன்றாவது. எந்தச் சட்டத்திலும் அடங்காமல் ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி, சில வேளை உதவித்தொகை தந்தும் பல வேளை தராமலும், ஆள் சேர்த்துக்கொள்வது நான்காவது. இவற்றுள் நான்காவது வகையே இன்று பெருகியிருக்கிறது, அதைப் பற்றியே விதிகள் மிகக் குறைவாகப் பேசுகின்றன.

அரசுப் பணிகளின் தேர்வறிவிக்கைகள் அனுபவத்தைக் கேட்கும்போது, தகுதிக்குப் பிந்திய அனுபவம் என்னும் தொடரை அடிக்கடி ஆள்கின்றன. குறித்த பட்டத்தையோ பட்டயத்தையோ பெற்ற நாளுக்குப் பின்னர் செய்த வேலையையே இத்தொடர் குறிக்கிறது. பாடத்திட்டத்துக்குள் அடங்கிய இன்டர்ன்ஷிப் பட்டத்துக்கு முந்தியதாதலால் அது கணக்கில் வாராது. அறிவிக்கையில் இத்தொடர் இல்லாதபோது என்ன செய்வது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் வெளியான ஏ.கே. ரகுமணி சிங் வழக்கில், விதி அவ்வாறு கூறாதவரை அனுபவம் தகுதிக்குப் பின்னரே பெறப்பட்டிருக்க வேண்டும் என்று கொள்ளத் தேவையில்லை என்ற கருத்து ஏற்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் தொகுதியில் வெளியான இந்தியன் ஏர்லைன்ஸ் வழக்கிலோ, தகுதியோடு அனுபவமும் கேட்கப்பட்டால் அது தகுதி பெற்றபின் அடைந்த அனுபவத்தையே குறிக்கும் என்று முடிவு செய்யப்பட்டது. அடுத்தடுத்த இத்தீர்ப்புகளை ஒவ்வொரு வழக்கின் விதியமைப்போடும் சேர்த்துப் படித்தால் முரண் தணியும் என்றாலும், விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவருக்கு அந்த நுட்பம் கடைசி நாளுக்குள் புலப்படும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அனுபவம் என்னும் சொல்லோடு இடத்தையும் தன்மையையும் சேர்த்து வரையறுத்த விதிகள் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் பதவிக்கு ஒன்றிய அரசு 1989ஆம் ஆண்டில் வகுத்த குறைந்தபட்சத் தகுதியில், இலகுரக வாகனங்களையும் கனரகச் சரக்கு வாகனங்களையும் பயணியர் வாகனங்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஓராண்டாவது வேலை செய்த அனுபவம் கேட்கப்பட்டது. எந்தெந்த வாகனத்தைக் கையாண்டிருக்க வேண்டும் என்பதுவரை சொல்லும் இத்தகைய விதி, பதவிக்கு என்ன திறமை வேண்டும் என்பதைச் சிந்தித்து எழுதப்பட்டது என்பது தெளிவு. இவ்வாறு சொல்லாமல், இரண்டாண்டு அனுபவம் என்று வெறுமனே எழுதிவிடும் அறிவிக்கைகளே வழக்குகளுக்கு விதையாகின்றன.

தொழிற்பழகுநர்கள் தமக்கு ஓரளவு நீதி கிடைக்கக் கண்டது 1995ஆம் ஆண்டில். உத்தரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்தோர், தமக்கு அங்கேயே வேலை தரவேண்டும் என்று தொடுத்த வழக்கில், பயிற்சி தந்ததாலேயே வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு ஏற்பட்டுவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் பொதுப் பணத்தைச் செலவிட்டுப் பயிற்றுவித்தவர்களை வெளியாரோடு ஒன்றாக நிறுத்துவது பொருந்தாது என்று கண்டு, மற்றவை சமமாக இருக்கும்போது பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை தரவேண்டும் என்றும், அவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாகவே வரவேண்டியதில்லை என்றும், வயதுத் தளர்வைப் பற்றிப் பணிவிதி எதுவும் சொல்லாதவிடத்துப் பயிற்சியில் கழிந்த காலத்தின் அளவுக்கு வரம்பைத் தளர்த்தவேண்டும் என்றும், முன்னர் பயின்றவரைப் பின்னர் பயின்றவருக்கு மூத்தவராகக் கொள்ளவேண்டும் என்றும் நெறிப்படுத்தியது. பயிற்சிக்காலத்துக்கு ஊழியம் என்னும் பெயரைத் தராமலே அதற்குரிய மதிப்பைத் தர இயலும் என்பதை இத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இந்நாட்டில் இப்பொருள் குறித்து எழுந்த சிந்தனைகளுள் இதுவே மிகப் பயனுடையது என்று துணிந்து சொல்லலாம். பிற்கால அறிவிக்கைகள் இதன் சொற்களை எடுத்தாண்டாலும் இதன் நோக்கத்தைப் போதிய அளவு பின்பற்றவில்லை.

மருத்துவத் துறையில் ஹவுஸ் சர்ஜன் என்று தமிழ்நாட்டில் அழைக்கப்படும் பயிற்சி மருத்துவரின் நிலை தனிச் சிறப்புடையது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேறியவர் 12 மாதச் சுழற்சிப் பயிற்சியை முடித்த பின்னரே நிலையான பதிவைப் பெறமுடியும். இரவுப் பணி, பிரசவ அறை, அவசரச் சிகிச்சைப் பிரிவு எனப் பெரிய அரசு மருத்துவமனைகளின் அன்றாடச் சுமையில் ஒரு பெரும்பங்கைத் தாங்குவோர் இவர்கள். இருந்தும் இந்த ஓராண்டு தகுதியின் பகுதியாகவே எண்ணப்படுகிறது, அனுபவமாக எண்ணப்படுவதில்லை. ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வைப் பயிற்சி முடியாதவரும் எழுதலாம், ஆனால் முடித்த பின்னரே நியமனம் பெறுவார் என்னும் விதி இதை உணர்த்துகிறது. இங்கே விலக்கு நியாயமானதே. ஏனெனில் போட்டியிடும் மருத்துவர் அனைவரும் அதே ஓராண்டைக் கடந்தவர்கள், எல்லோரிடமும் உள்ள ஒன்று எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. பட்டயக் கணக்காளர் படிப்பில் ஆர்ட்டிக்கிள்ஷிப் எனப்படும் நடைமுறைப் பயிற்சி, 2023 ஜூலை முதல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. அதற்கும் இதே அடிப்படை பொருந்தும். எனினும் எந்த அலுவலகத்தில், எத்தகைய தணிக்கைகளில் பயின்றார் என்பது ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடுவதால், அதை விரித்து எழுதும் உரிமை விண்ணப்பதாரருக்கு இருந்தே தீரவேண்டும்.

சட்டத் துறையில் 2025 மே 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்விவாதத்துக்குப் புதிய வெளிச்சம் தருகிறது. உரிமையியல் நீதிபதிகளின் தொடக்கநிலைப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை 2002ஆம் ஆண்டில் நீக்கப்பட்டிருந்தது. அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு அதை மீண்டும் கொண்டுவந்தது. நீதிமன்ற அனுபவமே இல்லாத இளம் பட்டதாரிகளை நேரடியாக நீதிபதி இருக்கையில் அமர்த்தியதால் விளைந்த இடர்ப்பாடுகளை உயர் நீதிமன்றங்கள் எடுத்துரைத்ததே இதற்கு அடிப்படை. இத்தீர்ப்பின் உட்பிரிவுகளே இங்கு முதன்மையானவை. அந்த மூன்றாண்டு, அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேறிய நாளிலிருந்து அன்றி, தற்காலிகப் பதிவு பெற்ற நாளிலிருந்தே கணக்கிடப்படும். தேர்வு வெவ்வேறு காலங்களில் நடப்பதால் ஒருவருடைய அனுபவம் குறைந்துவிடலாகாது என்பது இதன் கருத்து. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும், அவர் எந்த வழக்கிலும் நேர்நின்று வாதாடாதபோதிலும், அனுபவத்தில் சேர்க்கப்படும். சட்டக் கல்லூரி மாணவர் விடுமுறைகளில் வழக்கறிஞர் அலுவலகங்களுக்குச் சென்று பெறும் இன்டர்ன்ஷிப்போ பதிவுக்கு முந்தியதாதலால் இக்கணக்கில் இடம்பெறாது. பெயரைக் கடந்து வேலையின் தன்மையை நோக்கிய இம்முறை மற்றத் துறைகளும் பின்பற்றத்தக்கது.

அயல்நாடுகளில் விடைகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக அமைந்திருக்கின்றன. அமெரிக்க ஒன்றிய அரசின் பணி அறிவிக்கைகளில், ஊதியம் பெற்ற அனுபவத்தோடு ஊதியமற்ற அனுபவமும் தன்னார்வத் தொண்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று வெளிப்படையாகவே எழுதப்படுகிறது; அங்கே கேட்கப்படுவது திறமை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனப்படும் குடியேற்ற முறையிலோ ஊதியமே அளவுகோல். திறன்மிகு பணியாளர் பிரிவில் ஓராண்டு, அதாவது வாரத்துக்கு 30 மணி வீதம் 1560 மணி நேரம், ஊதியத்துடன் செய்த வேலை வேண்டும். ஊதியமற்ற இன்டர்ன்ஷிப் சேராது. கனடிய அனுபவப் பிரிவில், முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை, கோ-ஆப் எனப்படும் படிப்போடிணைந்த ஊதிய வேலையாக இருந்தாலும், விலக்கப்படுகிறது. கடன் வாங்கி டொரண்டோவுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்கள், படிப்புக் காலத்தில் உழைத்த மாதங்களை நம்பி நிரந்தர வசிப்புரிமைக் கணக்குப் போடுவதற்கு முன் இவ்விதியை அறிந்திருப்பது அவசியம். குடியேற்ற விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் தருவது ஐந்தாண்டுத் தடைக்கு இட்டுச்செல்லக்கூடும்.

தனியார் நிறுவனங்களில், குறிப்பாகச் சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களைப் போன்ற இடங்களில், எழுதப்படாத மரபே ஆள்கிறது. ஃப்ரெஷர் எனப்படும் புதியவர்களுக்கும் அனுபவசாலிகளுக்கும் அங்கே தனித்தனித் தேர்வுமுறைகள் உண்டு. ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை ஓராண்டு அனுபவம் என்று உயர்த்தி எழுதும் மாணவர் புதியவர்களுக்கான வாயிலை இழப்பதோடு மற்றதிலும் நிலைக்க மாட்டார். சேர்வதற்கு முன்னோ பின்னோ நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில், முந்தைய நிறுவனத்தின் மனிதவளத் துறை தரும் விடையும், வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பதிவுகளும் ஒப்பிடப்படுகின்றன. உதவித்தொகை மட்டும் பெற்றவருக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கே இருப்பதில்லை. உண்மையில் வேலை செய்தவரும் சான்றில்லாமல் ஐயத்துக்கு ஆளாவது இவ்விடத்தில்தான். ஆகவே ரெஸ்யூமில் பணியனுபவம் என்ற தலைப்பின்கீழ் எழுதினாலும் தனித் தலைப்பின்கீழ் எழுதினாலும், பயிற்சியாளர் என்ற பதவிப்பெயரை மாற்றாமல், தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் முழுநேரமா பகுதிநேரமா என்பதும் செய்த வேலையும் தெளிவாக இருக்குமாறு எழுதுவதே நேர்மையும் பாதுகாப்புமான வழி. படிவத்தில் முழுநேர ஊழியம் எத்தனை ஆண்டு என்று எண்ணால் கேட்டால், பயிற்சி மாதங்களை அந்த எண்ணில் கூட்டக்கூடாது. தொடர்புடைய அனுபவத்தை விவரிக்குக என்று கேட்டால், தயங்காமல் எழுதவேண்டும்.

விண்ணப்பதாரரிடம் நேர்மையை எதிர்பார்க்கும் சமுதாயம் பயிற்சி தருவோரிடமும் அதை எதிர்பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் பயிற்சியாளரைக் காலை முதல் இரவு வரை ஊழியரின் இடத்தில் அமர்த்தி, வாடிக்கையாளருக்கான வேலையை அவரிடம் வாங்கிக்கொண்டு, ஊதியம் கேட்டால் இது படிப்பு என்கிறது; அவரே பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, படிப்பில்தானே இருந்தீர்கள், அனுபவம் எங்கே என்று இன்னொரு நிறுவனம் கேட்கிறது. ஒரே உழைப்பை வாங்கும்போது கல்வி என்றும் மதிப்பிடும்போது ஒன்றுமில்லை என்றும் கொள்வது அநீதி.

இவ்வநீதியை அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலம் அலசியுள்ளன. இருப்புப்பாதை முனையத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் வேலை பழகியோர் பற்றிய 1947ஆம் ஆண்டு வழக்கில், அவர்களால் நிறுவனத்துக்கு உடனடி ஆதாயம் எதுவும் இல்லை, வழக்கமான ஊழியர் எவரையும் அவர்கள் இடம்பெயர்க்கவில்லை என்பதால் அவர்கள் ஊழியர் ஆகார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. பிளாக் ஸ்வான் என்னும் திரைப்படத்தின் தயாரிப்பில் ஊதியமின்றி அலுவலக வேலைகளைச் செய்த பயிற்சியாளர்கள் தொடுத்த வழக்கு 2015ஆம் ஆண்டில் மேல்முறையீட்டுக்கு வந்தபோது, இந்த உறவில் முதன்மையான பயன் யாருக்கு என்பதே கேட்கத்தக்க கேள்வி என்று வகுக்கப்பட்டது. அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2018ஆம் ஆண்டில் இதே அளவுகோலை ஏற்றது. முதன்மையான பயன் நிறுவனத்துக்குப் போகிறது என்றால் பயிற்சியாளர் ஊழியரே, அவருக்கு ஊதியமும் உரியது. இந்த அளவுகோலை இங்கும் கொண்டுவந்தால், உதவித்தொகை கூடத் தராத பல ஏற்பாடுகள் நிற்க இயலாது.

ஊதியமற்ற பயிற்சிக்கு அனுபவ மதிப்பைத் தந்துவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பயன்பெறுவர் என்னும் எதிர்வாதம் வலிமை உடையது. தருமபுரியிலோ இராமநாதபுரத்திலோ அரசுக் கலைக் கல்லூரியில் படித்து, விடுமுறையில் கூலிவேலைக்குச் சென்று குடும்பத்துக்குத் தோள்கொடுக்கும் மாணவர், சென்னையில் அறை எடுத்துத் தங்கி மூன்று மாதம் இலவசமாக உழைக்க முடியாது. 2024 அக்டோபரில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 12 மாதப் பயிற்சிக்கு மாதம் 5000 ரூபாயும் ஒருமுறைத் தொகையாக 6000 ரூபாயும் தர முன்வந்தது. தொழிற்பழகுநர் விதிகள் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பட்டதாரிக்கு மாதம் 9000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தன. பெருநகர வாடகைக்கு இவை போதா என்றாலும் திசை சரியானது. இந்த எதிர்வாதத்துக்குத் தகுந்த விடை, பயிற்சிக்கு மதிப்பை மறுப்பதில் இல்லை. உதவித்தொகையைக் கட்டாயமாக்குவதிலும், அந்த மாணவர் விடுமுறையில் செய்த கூலிவேலையையும், கடைக் கணக்கு எழுதியதையும், அச்சகத்தில் நின்றதையும் அதே மரியாதையோடு அனுபவக் கட்டத்தில் ஏற்பதிலும் இருக்கிறது. அவை ஊதியத்துக்குச் செய்த வேலைகள்; குளிரூட்டிய அலுவலகத்தில் மூன்று மாதம் இருந்தவருடைய சான்றிதழைவிட அவை பொறுப்பை உணர்த்தும் சான்றுகள்.

செய்யத்தக்கவை பெரிய சட்டத்திருத்தங்களை வேண்டி நிற்கவில்லை. பயிற்சி தரும் ஒவ்வொரு நிறுவனமும் முடிவில் தரும் சான்றிதழில், வெற்றிகரமாக முடித்தார் என்னும் ஒற்றை வரியோடு நின்றுவிடாமல், மொத்த மணிநேரம், ஒப்படைக்கப்பட்ட வேலை, மேற்பார்த்தவரின் பதவி, தரப்பட்ட உதவித்தொகை ஆகிய நான்கையும் குறிப்பிட வேண்டும். தொழிற்பழகுநர்களுக்குத் தென்மண்டல வாரியம் வழங்கும் தேர்ச்சிச் சான்றிதழைப் போல அது பின்னாளில் சரிபார்க்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும். தேர்வாணையங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் அறிவிக்கைகளில், எவ்வகைப் பயிற்சி கணக்கில் கொள்ளப்படும், எத்தனை மாதம்வரை, பட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பதை ஒரு பத்தியில் முன்கூட்டியே எழுதிவிடலாம். இப்போது இக்கேள்விகள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு முடிந்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்தான் முதன்முதலாக எழுகின்றன. கட்டணம் செலுத்தி, மாதக்கணக்கில் படித்து, மதிப்பெண்ணும் பெற்ற ஒருவர் அந்த மேசையில் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்டு, அதன்பின் உயர் நீதிமன்றத்தை நாடும் நிலையை அந்த ஒரு பத்தி தடுத்துவிடும்.